ரூத்தின் தகப்பன்

மரியநாயகிக்கு ஆங்கிலம் வராது என்றுதான் ஓக்லாந்து நகரத்து ஏவன்டேலில் பலரும் நினைத்திருந்தார்கள். தெருமுனை டெயரிக் கடையில் பால் வாங்கினால் சிரித்துவிட்டு வருவாள். பஸ் ஓட்டுபவர் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். ஆனால் நூற்றைம்பது, இருநூறு வருடத்துக்கு முன்னே இங்கிலாந்துப் பாதிரிமார் இறகுப் பேனாவால் கிறுக்கிவைத்த எழுத்தைக் கொடுத்தால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே பிடித்து, தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிப்பாள்.

மன்னாரில் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் இருந்தவள் அவள். ஞானஸ்நானம், விவாகம், மரணம் என்று அங்கே மூன்று பெரிய புத்தகங்கள். பிரெஞ்சுக்காரச் சுவாமிமார் இலத்தீனில் எழுதிய பழைய பக்கங்களிலிருந்து அத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. மங்கிய மை, கறையான் தின்ற ஓரம், ஒரே வருடத்தில் ஒரே ஊரில் மூன்று சந்தியாப்பிள்ளை, எல்லாம் அவளுக்குப் பழக்கம். எந்தச் சந்தியாப்பிள்ளை எவருடைய மகன் என்று பிரித்து எடுப்பாள். பத்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் அவள் எழுதிய பத்திரத்தில் ஒரு பிழை இருந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் ஊர் எழும்பி ஓடியது. அவள் புருஷன் ராமேஸ்வரத்துக்கென்று ஏறிய வள்ளம் கரை சேரவில்லை. பிள்ளைகள் இல்லை. மடு அகதி முகாமிலும் கொழும்பிலும் கிடந்து, தொண்ணூற்று மூன்றில் அண்ணன் யேசுராசா எடுப்பித்த விசாவில் ஓக்லாந்துக்கு வந்தாள். யேசுராசா பாபடோயிட்டோயில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை செய்துவந்தான். அவள் ஏவன்டேலில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வயதானவர்களின் வீட்டில் கூட்டித் துடைத்துச் சமைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனாள். அப்படிப் போன வீடுதான் தோர்ன்லியின் வீடு.

வால்டர் தோர்ன்லிக்கு எழுபது தாண்டியிருந்தது. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே இருட்டில் தட்டுத்தடுமாறத் தொடங்கியவர். பிறகு பக்கவாட்டுப் பார்வை போனது. நாற்பது வயதில் குழாய்க்குள்ளே பார்ப்பதுபோல ஆகி, இப்போது அதுவும் இல்லை. அவருடைய தமையன் சிரிலுக்கும் அதே கதி. சிரில் கலியாணம் கட்டாமலே செத்துப்போனார். தோர்ன்லியின் மனைவி உயிரோடு இருந்த காலத்தில் புருஷனுடைய வம்சத்தைத் தேடத் தொடங்கி, இங்கிலாந்திலிருந்து எடுப்பித்த கோயில் பதிவுப் பிரதிகளை ஒரு பெட்டியில் சேர்த்திருந்தார். அவர் போனபின் பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

ஒருநாள் கட்டிலுக்குக் கீழே கூட்டும்போது மரியநாயகி பெட்டியை இழுத்துத் திறந்து பார்த்தாள். தும்புத்தடி சுவரில் சாய்ந்தபடி நின்றது. கிழவர் கதிரையிலிருந்து கேட்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நம்முடைய பேச்சில் சொன்னால் இப்படி:

"மேரி, என்ன சத்தத்தைக் காணேல்லை? விழுந்து கிழுந்து போனீரோ?"

"இல்லை, மிஸ்டர் தோர்ன்லி. உங்கடை பூட்டன் ஒராள் இதிலை ஞானஸ்நானம் எடுக்கிறார். அழுதிருப்பார் போல. மை சிந்திக் கிடக்கு."

கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து வீட்டு வேலை முடிந்தபின் பெட்டி வேலை. நகரத்துக் குடும்ப வரலாற்று நிலையத்துக்கு வெளிநாட்டிலிருந்து படச்சுருள் வருவிக்கலாம். கையால் சுற்றுகிற ஒரு இயந்திரத்தில் போட்டால் இங்கிலாந்தின் நோர்ஃபோக் பக்கத்துக் கோயில் பக்கங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் எழும்பும். மரியநாயகி சனிக்கிழமைகளில் அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் கிழவர் கேட்பார்: "ஆரைப் பிடிச்சீர்?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டில் சோறு. யேசுராசா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தங்கச்சியைக் காட்டிப் பெருமை அடிப்பான்.

"இவள் வெள்ளைக்காரன்ரை கொப்பாட்டனைத் தேடிப் பிடிச்சுக் குடுக்கிறாள், தெரியுமோ? எங்கடை கொப்பாட்டன் ஆரெண்டு கேட்டால் எனக்குத் தெரியாது."

"தெரியாமலிருக்கிறதுதான் நல்லம்," என்பார் பக்கத்து வீட்டுக் குலசிங்கம். "உன்ரை மூஞ்சையைப் பாத்தால் ஏதோ கள்ளத்தோணிக் கூட்டம் மாதிரிக் கிடக்கு. தங்கச்சி, வெள்ளைக்காரன் எங்கடை நாட்டை முழுக்க எழுதி எடுத்துக்கொண்டு போனவன். நீ இப்ப அவன்ரை வீட்டை எழுது. சரிக்குச் சரி."

மரியநாயகி சிரித்துக்கொண்டே மீன் குழம்பை அகப்பையால் அள்ளுவாள்.

தொண்ணூற்றைந்தாம் வருடம் குளிர் தொடங்கிய நேரத்தில் அந்த விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. தோர்ன்லியின் ஒரே மகள் அலிசன் ஒரு பின்னேரம் வந்து குசினி மேசையில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டு வயது. வயிற்றில் முதல் பிள்ளை. கிழவர் முன் அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"டொக்டரிட்டைப் போனனான், மேரி. அப்பாவின்ரை கண்ணைப் பற்றிக் கேட்டார். குடும்பத்திலை ஆர் ஆருக்கு இப்படி இருந்தது எண்டு தெரிஞ்சால்தான் பிள்ளைக்கு வருமோ வராதோ எண்டு சொல்லலாமாம். நீங்கள் எழுதிறதை ஒரு வம்ச மரமாப் போட்டுத் தாங்கோ. தெரிஞ்சதெல்லாத்தையும் போடுங்கோ."

"போட்டுத் தாறன்."

அலிசன் தேத்தண்ணீர்க் கோப்பையைக் குடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தாள். "நான் அப்பாவோடை வளந்தனான். அவர் கதவிலை முட்டிப்போட்டு எங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு பாட்டுப் படிப்பார். பிள்ளைக்கும் அப்படி வருமெண்டால் நான் வைச்சிருக்கமாட்டன், மேரி. என்னாலை ஏலாது."

மரியநாயகிக்குக் கை தானாக நெற்றிக்குப் போனது. சிலுவை போடாமல் அந்தக் கையைக் கழுத்துச் சங்கிலியில் வைத்துக்கொண்டாள். இந்த நாட்டில் இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கே மனதுக்குள் தீர்மானித்துக்கொண்டாள்: இந்தக் குடும்பத்தில் வேறு குருடர் ஒருவரும் இல்லை என்று காட்டிவிட்டால் பிள்ளை பிழைக்கும்.

அந்த நினைப்போடுதான் தேடினாள். இங்கிலாந்துக் குடிசனக் கணக்கில் குருடா, செவிடா என்று எழுத ஒரு நிரல் உண்டு. தோர்ன்லி குடும்பம், அவருடைய தாய் ஈடித் பிறந்த பிரே குடும்பம் இரண்டையும் வீடு வீடாகப் பார்த்தாள். நிரல் வெறுமை. வயதுபோன கிழவிமார்கூடக் கண் தெரிந்தபடிதான் செத்திருந்தார்கள். தோர்ன்லியின் தகப்பன் ஆர்தர். ஆர்தரின் தாய் ஹன்னா. அவள் ஜோன் கொப் என்ற தச்சனின் மகள். ஈடித்தின் தாய் பெயர் ரூத். ஈடித்தின் ஞானஸ்நானப் பதிவில் ரூத் என்று மட்டும் இருந்தது. எந்த வீட்டுப் பெண் என்று தெரியவில்லை. ரூத்துக்கு மேலே மட்டும் மரம் வளராமல் நின்றது.

அதற்கும் விடை கிடைத்தது. தச்சன் ஜோன் கொப் எழுதிவைத்த மரண சாதனத்தின், அதாவது உயிலின், பிரதி ஜூன் மாதக் கடைசியில் தபாலில் வந்தது. மரியநாயகி குசினியில் நின்றபடியே வாசித்தாள். உளி, இழைப்புளி எல்லாம் மகனுக்கு. மூத்த மகள் ஹன்னா, வில்லியம் தோர்ன்லியின் மனைவி, அவளுக்குச் சுவர்க் கடிகாரம். இளைய மகள் ரூத், ஜோர்ஜ் பிரேயின் மனைவி, அவளுக்கு இறகு மெத்தையும் கட்டிலும்.

அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். மறுபடி வாசித்தாள்.

ஹன்னாவும் ரூத்தும் உடன்பிறந்த அக்கா தங்கச்சி. ஹன்னாவின் மகன் ஆர்தர், ரூத்தின் மகள் ஈடித்தைக் கட்டியிருக்கிறான். பெரியம்மாவின் மகன் சின்னம்மாவின் மகளை. அண்ணன் தங்கச்சியை.

மச்சான் மச்சாள் என்றால் அவளுக்கு ஒன்றுமே இல்லை. ஆயரின் அனுமதி வாங்கி எத்தனை மச்சான் மச்சாள் விவாகத்தைத் தன் கையால் பதிந்திருக்கிறாள். அவளுடைய தாயும் தகப்பனுமே அப்படித்தான். ஆனால் இது வேறு. இப்படி ஒன்றை அவள் ஊரில் ஒரே ஒரு தடவைதான் கண்டாள். அக்கா தங்கச்சி பெற்ற இரண்டு பேர், வேறுவேறு ஊரில் வளர்ந்தவர்கள், ஓடிப்போனார்கள். சுவாமியார் கோயில் கதவைத் திறக்கவில்லை. பெண்ணின் தாய் அடுத்த மாரியில் செத்தபோது பெட்டி தூக்க ஆளில்லாமல் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மரணத்தை எழுதியவளும் மரியநாயகிதான். அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் அதற்குப் பிறகு எல்லாரும் குரலைத் தாழ்த்தினார்கள்.

முன் அறையிலிருந்து கிழவர் கூப்பிட்டார். "தபால்காரன் வந்தவனெல்லோ? ஆரைப் பிடிச்சீர், மேரி?"

"தச்சன்ரை மரண சாதனம். மகளுக்கு மணிக்கூடு குடுத்திருக்கிறார்."

"ஓ! அந்த மணிக்கூடு எங்கை போச்சோ?" என்று கிழவர் சந்தோஷப்பட்டார். "என்ரை அம்மா அப்பா ஊரைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கமாட்டினம். ஏன் இங்கை வந்தவை எண்டுகூடச் சொல்லேல்லை. நல்ல மனுசர், மேரி. ஒருநாளும் சண்டை பிடிச்சதில்லை."

ஏன் வந்தார்கள் என்று மரியநாயகிக்கு இப்போது விளங்கியது. அல்லது விளங்கியதாக நினைத்தாள். ஊர் துரத்தியிருக்கும். ஒளித்துக்கொண்டு கப்பலேறியிருக்கிறார்கள். இந்தக் குருட்டுக் கிழவர் சாகிற காலத்தில், நீ அண்ணன் தங்கச்சிக்குப் பிறந்தவன் என்று எந்த வாயால் சொல்வது? அலிசன் கேட்டது யாருக்குக் கண் போனது என்பதைத்தான். கண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஒருவருக்கும் கண் போகவில்லை. அது போதும்.

அன்று இரவே பெரிய வெள்ளைத் தாளில் மரத்தைக் கீறினாள். அடிமட்டம் வைத்து, கறுப்பு மையால், அலிசனிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொருவருக்கும் பிறப்பு, விவாகம், இறப்பு. ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் கண்ணைப் பற்றி ஒரு குறிப்பு. ஹன்னாவுக்கு மேலே ஜோன் கொப். ரூத்துக்கு மேலே ஒரு கட்டம் கீறி, உள்ளே "கிடைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் எழுதினாள். மரண சாதனத்தை மடித்துத் தன் பைபிளுக்குள் வைத்தாள்.

அலிசன் தாளைப் பார்த்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்தாள். "இவ்வளவு பேர்! ஒருத்தருக்கும் இல்லை!"

"ஒருத்தருக்கும் இல்லை," என்றாள் மரியநாயகி. அந்தக் கிழமை பூசையில் மெழுகுதிரி கொளுத்தினாள்.

பிறகு அலிசன் பல கிழமை வரவில்லை. கிழவரிடம் கேட்டால் "அவளுக்குச் சுகமில்லையாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஓகஸ்ட் மாதம் மழை விடாமல் பெய்த ஒருநாள் அவள் வந்தாள். கோட்டைக் கழற்றி வயிறு தெரிந்தபோதே மரியநாயகிக்குத் தெரிந்துவிட்டது.

அலிசன் தானாகவே சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"பொடியன் எண்டு தெரிஞ்சது. டொக்டர் சொன்னார், சகோதரங்கள் ரெண்டு பேருக்கும் வந்திருக்கு, முன்னுக்கு ஒருத்தருக்கும் இல்லை எண்டால், அது தாய் வழியாலை வாறதாத்தான் இருக்கும். பெண்ணிலை காட்டாது, ஆணிலை காட்டும். அப்பாட்டையிருந்து என்னட்டைக் கட்டாயம் வந்திருக்கும். பிறக்கிற பொடியனுக்குப் பாதிக்குப் பாதி." அவள் ஜன்னலைப் பார்த்தாள். "போன மாதம் முடிஞ்சுது, மேரி."

மரியநாயகி அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னொரு விதமும் இருக்காம். உங்கடை தாத்தாவும் பாட்டியும் சொந்தமோ எண்டு கேட்டவர். சொந்தமெண்டால் கதை வேறையாம். ரெண்டு பக்கத்தாலையும் ஒண்டே வந்து சேந்தால்தான் அந்த விதம் வாறதாம், அதெண்டால் என்ரை பிள்ளைக்குப் பெரும்பாலும் பயமில்லையாம். நான் உங்கடை தாளை விரிச்சுக் காட்டினன். அவர் விரலாலை ஒவ்வொரு பேராப் பாத்தார். இவ்வளவு சுத்தமான வேலையைத் தான் கண்டதில்லை எண்டார்."

அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது. அணைத்தது அலிசன்தான்.

அந்த ஞாயிறு மரியநாயகி பூசைக்குப் போகவில்லை. யேசுராசா தேடிக்கொண்டு அறைக்கு வந்தான். கட்டிலில் பைபிளும் மரண சாதனமும் கிடந்தன. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். யேசுராசா தாளை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு அந்த எழுத்து பிடிபடவில்லை.

"சொல்லி என்னத்தைக் காணப்போறாய், பிள்ளை? போனது போட்டுது. இப்ப சொன்னால் அந்தப் பெட்டைக்கு இன்னொருக்காச் சாகிறது மாதிரி."

"அவளுக்கு முப்பத்தெட்டு வயது, அண்ணை. இன்னொண்டுக்கு நேரம் கிடக்கு. நான் கீறிக் குடுத்த மரத்தை நம்பிக்கொண்டு இருப்பாளெண்டால் அதையும் வேண்டாமெண்டுவாள்."

"உன்னை வீட்டாலை கலைப்பாள்."

"கலைக்கட்டும்."

"நீ பாவமெண்டு நினைச்சுத்தானே மறைச்சனி? எங்கடை ஆக்கள் ஆரெண்டாலும் அதைத்தான் செய்திருப்பினம்."

"எங்கடை ஆக்களின்ரை புத்தகமில்லையே அது," என்றாள் அவள். "சப்பாத்தைப் போடுங்கோ. கூட்டிக்கொண்டு போங்கோ."

தோர்ன்லியின் வீட்டு வாசலில் கார் நின்றது. யேசுராசா இறங்கப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு மழைக்குள் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அலிசன் தகப்பனோடு சாப்பிட வருவாள். இரண்டு பேரும் மேசையில் இருந்தார்கள். மரியநாயகி நின்றபடியே மரண சாதனத்தை விரித்து வைத்தாள். இந்தக் கதைக்கு வேண்டிய ஆங்கிலத்தை வழி முழுக்க வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். சொன்னாள்.

அலிசன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏன்?" என்றாள் அலிசன்.

"எங்கடை ஊரிலை அக்கா தங்கச்சியின்ரை பிள்ளையள் சகோதரங்கள். கட்டினால் அது பெரிய பாவம், பெரிய வெட்கம். உங்கடை அப்பாவுக்கு அது தெரியக்கூடாதெண்டு நினைச்சன். கண்ணுக்கும் அதுக்கும் தொடர்பிருக்குமெண்டு எனக்குத் தெரியாது."

"எங்களுக்காக நீங்கள் வெட்கப்பட்டீங்கள்."

"ஓம்."

"நாங்கள் உங்களைக் கேக்கேல்லையே!" அலிசனின் குரல் முதல்தடவையாக உடைந்தது. "இங்கை ஒருத்தரும் அதுக்கு வெட்கப்பட மாட்டினமே. கேட்டிருந்தால் சிரிச்சிருப்பமே, மேரி. அப்பா சிரிச்சிருப்பார்."

கிழவர் சிரிக்கவில்லை. மேசையில் தடவி, தாளின் ஓரத்தைக் கண்டுபிடித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒரே மாதிரித்தான் இருமுவினம்," என்றார் மெதுவாக. "அம்மாவும் அப்பாவும். சிரிலும் நானும் பகிடி பண்ணுவம்."

அலிசன் அலுமாரியைத் திறந்து மரம் கீறிய தாளை எடுத்து வந்து மேசையில் போட்டாள். ஒரு பேனாவையும் வைத்தாள்.

"எழுதுங்கோ."

மரியநாயகி குனிந்தாள். ரூத்துக்கு மேலே இருந்த இரண்டு ஆங்கிலச் சொல்லை ஒரே கோட்டால் வெட்டினாள். மன்னாரில் பதிவில் திருத்தம் செய்தால் அப்படித்தான்: பழையது வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், பக்கத்தில் திருத்தியவரின் கையெழுத்து வேண்டும். ஜோன் கொப், தச்சன் என்று எழுதினாள். அங்கிருந்து ஹன்னாவின் கட்டத்துக்குக் கோடு இழுத்தாள். கோட்டின் அருகே தன் பெயரை முழுதாக எழுதி, திகதி போட்டாள்.

அலிசன் தாளை எடுத்துக்கொண்டாள். "திறப்பை வைச்சிட்டுப் போங்கோ."

வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தாள். காரில் ஏறிய பிறகும் யேசுராசா இயந்திரத்தை முடுக்கவில்லை. "சொன்னியோ?" என்று மட்டும் கேட்டான்.

"ஓம்."

யேசுராசா காரைப் பாபடோயிட்டோய்ப் பக்கம் திருப்பினான். வைப்பர் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் அறையை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தாள். பென்ரோஸில் ஒரு பொதிசெய்யும் இடத்தில் வேலை. பெட்டியில் ஒட்டுகிற துண்டைத் தவிர அங்கே வாசிக்க ஒன்றும் இல்லை. பழைய பதிவு எதையும் அவள் தொடவில்லை. கோயிலில் ஒரு குடும்பம் ஊரிலிருந்து வந்த கிழிந்த பத்திரத்தைக் கொண்டுவந்து, வாசித்துச் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டபோதும், கண் சரியில்லை என்று சொல்லிவிட்டாள். யேசுராசா பிறரிடம் அவளைப் பற்றிச் சொல்வதை நிறுத்தவில்லை. கதையில் மட்டும் கிழவரின் கொப்பாட்டனை விட்டுவிட்டு, மழைக்குள் அவள் நடந்துபோன விதத்தைச் சொல்வான். கேட்டவர்களில் பலருக்கு அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருடம் தோர்ன்லி இறந்துவிட்டார் என்று பேப்பரில் கண்டு அடக்கத்துக்குப் போனாள். கோயிலின் கடைசி வாங்கில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் அலிசன் கறுப்பு உடுப்பில், பக்கத்தில் புருஷன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தாளோ என்னவோ, மரியநாயகி தலையைக் குனிந்திருந்தாள்.

வாசலில் கொடுத்த அட்டையில் செத்தவரின் உறவுமுறை அச்சிட்டிருந்தது. அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அட்டையை மூக்கருகே கொண்டுபோய் வாசித்தாள். ஆர்தர், ஈடித் தம்பதியின் மகன். சிரிலின் தம்பி. அலிசனின் தகப்பன். அவர் பிறந்த ஊர், வேலை செய்த இடம் எல்லாம் அதற்கு மேலேயே வந்துவிட்டன. பேரன், பேத்தி என்று ஒரு வரியைத் தேடினாள். அட்டையைத் திருப்பினாள். பின்பக்கத்தில் ஒரு பாட்டு.

மறுபடி முன்பக்கத்தைத் திருப்பி, மங்கிய மைக்குள் எழுத்தைத் தேடுவதுபோல, அலிசனின் பெயருக்குக் கீழிருந்த வெள்ளையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.